சுவருக்கு இரண்டு பக்கம்

எனக்கு ஊர் தக்கலை. கொத்தனார் வேலைக்கு வந்து 20 வருஷம் ஆகிறது. பத்மநாபபுரம் கொட்டாரம், அதாவது அரண்மனை, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். 1956-இல் எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கொட்டாரம் மட்டும் இன்றைக்கும் கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. அங்கே உப்பரிகை மாளிகை மேல்மாடியில் சுவர் முழுக்க ஓவியம் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். நான் போனபோதெல்லாம் அந்த மாடி பூட்டிக் கிடந்தது. சுவரோவியம் ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தது, வேலைக்குப் போன வேறோர் இடத்தில்தான்.

பாறசாலை தாண்டி உள்ளே போனால் ஒரு பழைய பெரிய வீடு, இப்போது சிறிய அருங்காட்சியகம். ஓவியத்தைச் சரிசெய்ய வந்த குழுவுக்குச் சாரம் கட்டவும் சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றவும் ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பத்து நாள் வேலை என்று நினைத்துப் போனேன். ஏழு மாதம் ஆனது.

குழுவில் நான்கு பேர். தலைமை திருச்சூர்க்கார அம்மா ஒருவர். நான் மேடம் என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். அவர் மலையாளம் பேசுவார், நான் தமிழ் பேசுவேன், வேலை நடக்கும்.

முதல் ஒரு மாதம் யாரும் படத்தைத் தொடவே இல்லை. ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, விளக்கைச் சுவரோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னார்கள். பட்டி பார்த்த சுவரில் மேடு பள்ளம் தெரிய நாங்கள் பல்பைப் பிடிப்போமே, அதே முறை. நேர் வெளிச்சத்தில் சமமாகத் தெரிந்த வேணுகோபாலன் படம், பக்க வெளிச்சத்தில் அங்கங்கே உப்பிக்கொண்டு, ஓரம் சுருண்டு, காய்ந்த குளத்து மண் மாதிரி தெரிந்தது. அப்புறம் மேடம் விரல் கணுவால் மெல்லத் தட்டிக்கொண்டே போனார். காரை சுவரை விட்ட இடத்தில் கொட்டுச் சத்தம் கேட்கும். டைல்ஸ் ஒட்டியதும் நான் தட்டிப் பார்க்கிற அதே சத்தம். அந்த இடத்தையெல்லாம் போட்டோவின் மேல் விரித்த கண்ணாடித் தாளில் வண்ண வண்ணமாகக் குறித்தார்கள். உப்புப் பூத்த இடம் நீலம், காரை விட்டு உள்ளே வெற்றிடமான பொள்ளல் சிவப்பு, வெடிப்பு கறுப்பு. படத்தின் கீழ்ப் பாதி முழுக்க நீலமாக இருந்தது.

காரணம் சுவரின் மறுபக்கத்தில் இருந்தது. எப்போதோ ஒரு பராமரிப்பின்போது வெளிப்பக்கம் மூன்றடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். ஈரம் ஏறுகிறது, அதனால் சிமெண்ட் அடித்து அடைத்துவிடலாம் என்று நினைத்திருப்பார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், செய்தும் இருக்கிறேன். ஆனால் ஈரம் எப்படியும் அடியிலிருந்து ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும், வந்த ஈரம் வெளிப்பக்கமாகக் காற்றோடு போய்விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்ததும், ஈரம் உள்பக்கம் திரும்பி, ஓவியம் இருக்கிற மெல்லிய பூச்சு வழியாக வெளியேறியிருக்கிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், அதில் கரைந்திருந்த உப்பு படிகமாகி அங்கேயே தங்கும். அந்தப் படிகம் வளர வளர வண்ணத்தைப் பின்னாலிருந்து தள்ளும். மேடம் பென்சிலால் சுவரின் குறுக்கு வெட்டை வரைந்து இதைச் சொன்னபோது, நான் சிமெண்ட் பூசிக்கொடுத்த பழைய வீடுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

கேரளச் சுவரோவியத்தின் பூச்சு சாதாரணமானதல்ல. சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த காரை, அதன் மேல் பஞ்சு அடித்துச் சேர்த்த சுண்ணாம்பு, கடைசியில் இளநீரில் கரைத்த சுண்ணாம்பை 25, 30 தடவை பூசியிருப்பார்கள். அந்த வெண்மைதான் படத்தின் வெள்ளை நிறம். சிவப்பும் மஞ்சளும் காவிக்கல், கறுப்பு விளக்குக் கரி, பச்சைக்கு நீலஅமரிச் செடியின் சாறு சேரும். எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது வேப்பம்பசை. சுவர் காய்ந்த பிறகு பசையில் தீட்டிய வண்ணம் என்பதால் ஈரத்துணி பட்டாலே கையோடு வந்துவிடும். விளக்குப் புகை படிந்த இடத்தைச் சுத்தம் செய்ய, முதலில் நகத்தளவு இடத்தில் ஒரு ஓரமாகச் செய்து பார்த்து, இரண்டு நாள் காத்திருந்தார்கள்.

சிமெண்ட்டை எடுப்பது என் பொறுப்பு. டிரில் கூடாது, அதிர்ச்சி மறுபக்கம் போகும். சின்ன உளி, சின்னச் சுத்தியல். உள்ளே படத்தின் மேல் மெல்லிய ஜப்பான் காகிதம் ஒட்டி, பஞ்சு மெத்தை வைத்த பலகையைத் தாங்கலாகக் கொடுத்திருந்தார்கள். ஒருவர் உள்ளே சுவரில் கை வைத்தபடியே நிற்பார். அதிர்ந்தால் குரல் கொடுப்பார், நான் நிறுத்துவேன். ஒரு நாளைக்கு ஒரு சதுர அடி. என் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக நான் எதையும் உடைத்ததில்லை.

பொள்ளல்களுக்குள் செலுத்தச் சுண்ணாம்புப் பால் வேண்டியிருந்தது. வேம்பநாட்டுக் காயல் சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பு வந்தது. நீற்றி, குழியில் மூன்று மாதம் ஊறவிட்டு, வெண்ணெய்ப் பதத்தில் எடுத்து, மல்துணியில் மூன்று தடவை வடிகட்டினேன். தாத்தா செய்ததுபோலக் கருப்பட்டியும் கடுக்காய் நீரும் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். வெளிச்சுவருக்குச் சேருங்கள், படத்துக்குப் பின்னால் வேண்டாம், அது பூஞ்சைக்குத் தீனி ஆகிவிடும் என்றார் மேடம். ஊசிக் குழாயில் ஏற்றி, ஒரு வெடிப்பின் வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுவார். நான் கீழே பஞ்சை ஏந்திப் பிடித்திருப்பேன், எங்காவது கசிந்தால் ஒற்றியெடுக்க. உப்பியிருந்த இடம் மெல்ல நிறையும். பலகையால் அழுத்தி, தட்டிப் பார்த்து, சத்தம் மாறியதும், "மதி, அண்ணாச்சி" என்பார். எங்கள் ஊரில் 'போதும்' என்போம். அந்தச் சத்தம் மாறுகிற கணத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கும், ஒவ்வொரு தடவையும்.

வேணுகோபாலனின் இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. காரையோடு எப்போதோ விழுந்துவிட்டது. பார்க்க வந்த ஒருவர், சாமிக்குக் கை இல்லாமல் எப்படி, வரைந்துவிடுங்கள் என்று வற்புறுத்தினார். மேடம் பொறுமையாகக் கேட்டார்: "எத்தனை விரல் குழல் மேலே இருந்தது, எத்தனை விரல் தூக்கியிருந்தது? உங்களுக்குத் தெரியுமா சார்?" வந்தவர் பேசவில்லை. பட்டாடையின் கரை விட்டுப்போன இடத்தில் மட்டும் மெல்லிய செங்குத்துக் கோடுகளாக வண்ணம் வைத்தார். தள்ளி நின்றால் கரை சேர்ந்து தெரியும்; கிட்டப் போனால் கோடு கோடாக, இது பிற்காலத்தில் செய்தது என்று யாரும் கண்டுபிடித்துவிடலாம். ரோமில் 1939-இல் தொடங்கிய, பழைய கலைப்பொருள்களைச் சரிசெய்யும் ஒரு நிறுவனத்தில், அதன் முதல் இயக்குநர் செசாரே பிராந்தி என்பவர் காலத்தில் உருவான முறையாம். கையின் இடத்துக்குச் சுவரோடு ஒத்த மங்கலான நிறம் மட்டும். அந்த ஆள் கேட்டபோது எனக்கும் வரைந்துவிட்டால் என்ன என்றுதான் தோன்றியது. இப்போது அந்த வெறும் இடம்தான் படத்திலேயே எனக்கு அதிகம் பிடித்தது.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் மேடம் அஜந்தா குகை ஓவியங்கள் பற்றிச் சொன்னார். 1920-இலிருந்து 1922 வரை ஹைதராபாத் நிஜாம் இத்தாலியிலிருந்து இரண்டு நிபுணர்களை வரவழைத்தார். உதிர்கிற வண்ணத்தைப் பிடித்து நிறுத்த அவர்கள் அரக்கு வார்னிஷ் பூசினார்கள். அன்று இருந்ததில் நல்ல பொருளை நல்ல எண்ணத்தோடு பூசியிருக்கிறார்கள். நாளாக நாளாக அது மஞ்சளித்து இருண்டது, அதை எடுப்பதே தொல்லியல் துறையின் வேதியியலாளர்களுக்குப் பெரிய வேலையாகிவிட்டது. "நாம் செய்வதும் ஒரு நாள் தப்பாகலாம். அன்றைக்கு வருகிறவர் எடுக்கக்கூடிய மாதிரி செய்யணும்" என்றார். எங்கள் தொழிலில், பூசியது ஆயுசுக்கும் பெயர்ந்து வராது என்பதுதான் பெருமை. நான் பதில் சொல்லாமல் தட்டைக் கழுவப் போனேன். அந்தப் பேச்சு என்னை விட்டுப் போகவே இல்லை.

கடைசி வாரம் மேடம் வேலைப் பதிவுக் கோப்பைக் காட்டினார். எந்த இடத்தில், என்றைக்கு, எத்தனை மில்லி, எல்லாம் எழுதியிருந்தது. சுண்ணாம்பு என்று ஒரு பக்கம் தனியாக இருந்தது. சிப்பி எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் ஊறியது, எத்தனை முறை வடிகட்டியது, நீற்றியவர் என்று என் பெயர். 20 வருஷத்தில் எத்தனையோ வீடு கட்டியிருக்கிறேன், ஒரு காகிதத்திலும் என் பெயர் கிடையாது. கையெழுத்துப் போடச் சொன்னார். பேனாவை வாங்கும்போது கையைத் துடைத்துக்கொண்டேன்.

போன இடவப்பாதி மழைக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு, முன்னால் வீட்டுக்குப் பின்னால் ஒரு குழி வெட்டி, சிப்பிச் சுண்ணாம்பு நீற்றிப் போட்டேன். மேலே இரண்டு விரல் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும், காற்றுப் பட்டால் இறுகிவிடும். காலையில் பல் தேய்க்கும்போதே போய்ப் பார்த்துவிடுவேன். தையில் மேடம் போன் செய்தார்கள். இன்னொரு சுவர் இருக்கிறது, சுண்ணாம்பு எத்தனை மாசம் ஆச்சு என்று கேட்டார்கள். எட்டு மாசம் என்றேன்.