'கிராசிங்' என்ற ஒரு சொல் புரிய மூன்று மாதம் ஆனது

திருப்புவனத்திலிருந்து மதுரைக்கு சீசன் டிக்கெட்டில் போய்வருகிறேன். மானாமதுரை வழியில் ஒற்றைப் பாதை. ஒருநாள் காலை, ஸ்டேஷனுக்குச் சற்று முன்னால், கருவேலங்காட்டுக்குள் வண்டியை நிறுத்திவிட்டார்கள். முக்கால் மணி நேரம். அரைநாள் சம்பளம் போனது. இறங்கியதும் விசாரணை கவுன்டரில் காரணம் கேட்டேன். "கிராசிங். அடுத்த ஆள் வாங்க." தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

எதிரே ஒரு வண்டி வருகிறது, அதற்கு வழிவிடுவதுதான் கிராசிங், சரி. அதற்கு எங்களை ஏன் ஸ்டேஷனுக்கு வெளியே நிறுத்த வேண்டும்? உள்ளேதான் இரண்டு லைன் இருக்கிறதே!

இதைத் தெரிந்துகொள்ளப் போய் ஒரு ரயில்வே தேர்வுப் பயிற்சி மையத்தில் 3,000 ரூபாய் கட்டினேன். யாரும் அப்படிச் செய்யாதீர்கள். நான்கு ஞாயிற்றுக்கிழமையும் மண்டலங்கள், தலைமையகங்கள், 1853-இல் ஓடிய முதல் பயணிகள் ரயில் என்று தேர்வுக்கான ஒரு வரி விடைகள்தான். சிக்னலுக்கு அரைப் பக்கம். அதிலும் மஞ்சள் என்றால் 'மெதுவாகச் செல்' என்று போட்டிருந்தார்கள். உண்மையில் அதன் பொருள், அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வா என்பது. பணத்தைத் திருப்பிக் கேட்டேன், தரவில்லை.

அப்புறம் ரயில்வேயின் 1976-ஆம் ஆண்டுப் பொது விதிகளை இணையத்திலிருந்து இறக்கினேன். எடுத்த எடுப்பில் அதைத் தொட்டால் ஒன்றும் விளங்காது.

கடைசியில் கைகொடுத்தவர் எங்கள் தெருவில் இருக்கும், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். எனக்குப் பெரியப்பா முறை. "ஏம்ப்பா, ரயிலை அப்புறம் பாக்கலாம். முதல்ல பாதையைப் பாரு" என்றார். இரண்டு ஸ்டேஷனுக்கு இடைப்பட்ட துண்டு, பிளாக் செக்‌ஷன். அதில் ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான். அடுத்த ஸ்டேஷன் 'லைன் கிளியர்' கொடுத்தால்தான் இங்கே கடைசி சிக்னல் விழும். (டிக்கெட் மட்டும் கொடுக்கும் ஹால்ட்டுகள் இந்தக் கணக்கில் வராது. நான் அவற்றையும் சேர்த்து எண்ணி ஒரு வாரம் குழம்பினேன்.) கடைசிப் பெட்டியின் முதுகில் பெரிய X இருக்கிறதே, அது அழகுக்கு இல்லை. அதைப் பார்த்தால்தான் வண்டி முழுசாக வந்துவிட்டது, நடுவழியில் பெட்டி எதுவும் கழன்று நிற்கவில்லை என்று உறுதியாகும். அதற்குப் பிறகே அந்தத் துண்டு அடுத்த வண்டிக்கு.

என் கேள்விக்கும் விடை கிடைத்தது. ஒரு வண்டியை ஸ்டேஷனுக்குள் விட வேண்டுமானால், அது நிற்க வேண்டிய ஸ்டார்ட்டர் சிக்னலை (ஸ்டேஷனை விட்டுக் கிளம்ப அனுமதிப்பது) தாண்டியும் 120 மீட்டர் பாதை காலியாக இருக்க வேண்டும். பிரேக் பிடித்தும் வண்டி வழுக்கிப் போனால் என்ன செய்வது என்பதற்காக. எதிரெதிரே வரும் இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டால் இந்தக் காலிப் பாதையே இருக்காது. ஒரு பாதையில் வழுக்கும் வண்டி இன்னொன்றில் புகாதபடி பாதைகளைப் பிரித்துவைக்கும் அமைப்பு இல்லாத இடத்தில், ஒன்று உள்ளே வந்து நிற்கும்வரை மற்றது ஸ்டேஷனுக்கு வெளியே, உள்ளே நுழைய அனுமதிக்கும் ஹோம் சிக்னலில் காத்திருக்கத்தான் வேண்டும். இதைக் கவுன்டரில் இருந்தவர் இரண்டே வரியில் சொல்லியிருக்கலாம்.

கற்க நினைப்பவர்கள் பத்து ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த லைனில் வருகிறது என்று மட்டும் குறியுங்கள். தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு.

போன வாரம் மறுபடி அதே இடத்தில் நின்றோம். ஒரு அக்கா கைக்குழந்தையோடு இறங்கி நடக்கப் பார்த்தார். "இறங்காதீங்கக்கா, எதிர் வண்டி உள்ள வந்து நின்னதும் நமக்கு மஞ்சள் விழும், மேலே வரிசையா வெள்ளை விளக்கு எரியும், மெயின் லைன்லேர்ந்து பிரியுற லூப் லைன்ல போவோம்" என்றேன். பதினோரு நிமிடத்தில் மஞ்சள் விழுந்தது. மேலே ஐந்து வெள்ளை விளக்குகள்.