கொட்டிவிடும் மீடியம்

மூளை ஸ்டெம் செல்லில், அதாவது நரம்பு செல்லாக மாறக்கூடிய மூல செல்லில் வேலை என்று சேலத்தில் யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "எங்க மாமாவுக்குப் பார்க்கின்சன் இருக்குதுங்க, ஊசி போட்டா சரியாயிருங்களா?" செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடையில் கேட்டிருக்கிறார்கள், சூரமங்கலம் பேருந்தில் பக்கத்து சீட்டு அம்மா கேட்டிருக்கிறார். இப்போதைக்கு ஆகாதுங்க என்றுதான் சொல்கிறேன். ரத்த நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று மாதிரியான சிலவற்றைத் தவிர, மற்ற ஸ்டெம் செல் சிகிச்சை எல்லாமே ஆய்வுக் கட்டத்தில் இருப்பவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. அதையும் மீறிக் காசு வாங்கி ஊசி போடும் இடங்கள் இருக்கின்றன என்பது வேறு விஷயம். நினைத்தால் கோபம்தான் வரும்.

சிகிச்சைக்கென்று மூளைக்குள் வைத்துப் பார்க்கும் செல்களில் பெரும்பகுதி சில நாட்களிலேயே செத்துப்போகிறது. நான் பார்ப்பது அந்தச் சாவைத்தான்.

எலிக் கருவின் மூளையிலிருந்து எடுத்த செல்களை இஜிஎஃப், எஃப்ஜிஎஃப்-2 என்ற வளர்ச்சிக் காரணிகளோடு மிதக்க விட்டால் உருண்டை உருண்டையாகத் திரளும். வளர்ந்த எலியின் மூளையிலிருந்தே இப்படி எடுக்கலாம் என்று ரெனால்ட்ஸ், வைஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1992-ல் காட்டினார்கள். நல்ல உருண்டை மைக்ரோஸ்கோப்பில் விளிம்பு பளபளவென்று தெரியும், ஓரத்தில் மெல்லிய ரோமம் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பிரிக்காமல் விட்டு ரொம்பப் பெருத்துவிட்டால் நடுவில் கறுக்கும். ஆக்சிஜன் உள்ளே போகாமல் செத்தவை அவை. புதிதாக வரும் பிள்ளைகள் பெரிய உருண்டையைப் பார்த்துத்தான் முதலில் சந்தோஷப்படுவார்கள்.

இந்த உருண்டையைப் பிரித்து, லாமினின் என்ற, செல் பிடித்துக்கொள்ளும் புரதம் பூசிய பிளேட்டில் ஒட்டவைத்து, வளர்ச்சிக் காரணியை எடுத்துவிட்டால் நரம்பு செல்லாக மாறத் தொடங்கும். அப்போதுதான் சாவும் கூடும். செத்த செல் பிடிப்பை விட்டு மேலே மிதக்கும். மீடியம், அதாவது செல் வளரும் ஊட்டத் திரவம் மாற்றும்போது அதை உறிஞ்சிக் கழிவு பாட்டிலில் விட்டுவிட்டு, ஒட்டியிருப்பதை மட்டும் எண்ணினால் எல்லாமே நலமாகத் தெரியும். கணக்கில் சாவே இருக்காது.

சிவதாபுரத்திலிருந்து வரும் ஒரு மாணவி இதைக் கேட்டதும், "எங்க பட்டறையில கூட்டின மண்ணையே கொட்ட மாட்டாங்க மேடம்" என்றாள். கொலுசுப் பட்டறை வீட்டுப் பெண். அங்கே தரை மண்ணை அலசினால் வெள்ளித்தூள் கிடைக்கும். அன்றிலிருந்து எங்கள் லேபில் பழைய மீடியமும், வேகமாகச் சுழற்றி செல்களை அடியில் படியவைக்கும் சென்ட்ரிஃபியூஜுக்குப் போகிறது.

செத்தது என்று மட்டும் எழுதினால் போதாது, எப்படிச் செத்தது என்றும் தெரிய வேண்டும். செல் தானே தன் கணக்கை முடித்துக்கொள்ளும் முறைக்கு அப்போப்டோசிஸ் என்று 1972-ல் கெர், வில்லி, கர்ரி மூவரும் பெயர் வைத்தார்கள். செல் சுருங்கும், அதன் உட்கரு துண்டுதுண்டாகும், சவ்வின் உள்பக்கம் இருக்கவேண்டிய ஒரு கொழுப்பு வெளியே திரும்பும். அனெக்சின் வி என்ற புரதம் அந்தக் கொழுப்பில் ஒட்டும். சவ்வு கிழிந்த செல்லுக்குள் மட்டும் புரொபிடியம் அயோடைடு என்ற சாயம் நுழையும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இப்போதுதான் சாகத் தொடங்கியவை தனியாகத் தெரியும். ஆனால் உடலில் மைக்ரோக்ளியா என்ற மூளையின் துப்புரவு செல்கள் வந்து பிணத்தை ஓரிரு மணி நேரத்தில் விழுங்கிவிடும். பிளேட்டில் அந்த வேலைக்கு ஆள் கிடையாது. அப்போப்டோசிஸில் செத்ததும் கிடந்து கிடந்து கடைசியில் கிழிந்துபோகும். ஒரே ஒரு நேரத்தில் எடுத்த படத்தை வைத்து நெக்ரோசிஸ், அதாவது அடிபட்டுக் கிழிந்த சாவு என்று தீர்ப்பு எழுதும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

"அப்போ சாவையே நிறுத்திட்டா?" என்று ஏற்காட்டிலிருந்து வரும் பையன் கேட்டான். 1996-ல் அப்போப்டோசிஸை நடத்தும் காஸ்பேஸ்-3 என்ற நொதி இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். சாக வேண்டிய செல்கள் சாகாததால் மூளையில் கண்ட இடத்தில் செல்கள் திரண்டன, பிறந்தவையும் சில வாரங்களே உயிரோடிருந்தன. சொன்னதும் கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை அவன்.

செல் செல்லாகத் தொடர்ந்து படம் பிடிக்கும் மைக்ரோஸ்கோப் வாங்க எங்களிடம் பணம் இல்லை. இருக்கும் காசு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்கும், கரண்ட் போனால் இன்குபேட்டரைத் தாங்கும் பேட்டரிக்குமே சரியாகப் போகிறது. அதனால் மணிக்கணக்கு பிரித்து, ஒவ்வொரு பிளேட்டாக எடுத்து நிறுத்திச் சாயம் போடுகிறோம். ராத்திரி முறை அம்மாபேட்டைக்காரர்களுக்கு. ஏற்காட்டுப் பையனுக்குக் காலை முறைதான். கடைசி பஸ்ஸை விட்டால் மலையேற வழியில்லை.