இரண்டு விரல்

கல்திட்டை என்றால் என்னவென்றே தெரியாமல்தான் அந்த வேலையில் சேர்ந்தேன். மூன்று பக்கம் பலகைக்கல் நிறுத்தி மேலே ஒன்றை மூடியாகப் போட்டால் கல்திட்டை, அவ்வளவுதான். கோத்தகிரிப் பக்கம் தேயிலைக்கு நடுவே இருக்கும் அந்தக் கற்களை அளந்து, சிற்பம் இருந்தால் மைப்படி எடுக்கும் குழுவில் நான் படம் வரைகிற ஆள்.

கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டிப் பள்ளத்துக்குள் இறக்கி, அப்புறம்தான் மை ஒற்ற வேண்டும். எங்கள் ஊர் மூடுபனிக்கு அந்தக் காகிதம் லேசில் காயாது. காத்திருக்கிற நேரத்தில்தான் கல்லை ஒழுங்காகப் பார்த்தேன். வீரன் வாளோடு பாதிக் கல்லை அடைத்துக்கொண்டு நிற்கிறான், சாமரம் வீசுகிற பெண்கள் அவன் இடுப்புக்குக்கூட வரவில்லை. ஒருத்தி மட்டும் அவன் தோள் உயரம். கையைத் தூக்கியிருக்கிறாள், கை நிறைய வளையல். வீரன் செத்ததும் தீப்பாய்ந்தவள் என்பதற்கு அதுதான் அடையாளம். விரல் வைத்து எண்ணினேன், ஏழு. சாமரப் பெண்களுக்கு ஒன்றுகூட இல்லை. உயரம் வாங்க அவள் என்ன கொடுத்தாள் பாருங்கள்.

இந்தச் சிற்பங்களைவிடப் பழையவை கல்வட்டங்களில், அதாவது சுற்றிக் கல் அடுக்கிய பழைய ஈமக்குழிகளில், கிடைத்த மண்பாண்டங்கள். 1870-களின் தொடக்கத்தில் நீலகிரி கமிஷனராக இருந்த பிரீக்ஸ் தோண்டியெடுத்தவை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் லண்டனிலும் இருக்கின்றன. மூடிகளின் மேல் எருமை, மயில், சிலவற்றில் குதிரைமேல் ஆள். எருமை சரி, மலை முழுக்க எருமைதான். குதிரை? கூடவே கிடைத்த வெண்கலக் கிண்ணங்களும் இங்கே செய்தவை போலத் தெரியவில்லை. கீழேயிருந்து மலையேறி வந்த பொருள் யார் கையில் இருந்ததோ அவர்தான் அன்றைக்குப் பெரிய மனிதர் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றைக்கு மட்டும் என்ன வாழ்கிறது!

போட்டோ எடுக்கும்போதெல்லாம் அளவுகோலைப் பிடித்து நிற்பவர் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அண்ணன். இலங்கையிலிருந்து வந்த குடும்பம். "மேல இருக்கிற கல்லைத் தூக்க எத்தனை பேர் வேணும் தம்பி?" என்று கேட்டார். இருபது பேராவது வேண்டும் என்றேன். "அவங்களை எங்க செதுக்கியிருக்கு?" என்று கல்லைச் சுற்றி ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அறிக்கையில் வந்த போட்டோக்களில் அவர் தலை இல்லை, கோலின் ஓரத்தில் இரண்டு விரல் மட்டும் தெரிந்தது. என் வரைபடத்தில் அந்த விரல்களையும் வரைந்திருந்தேன். அழிக்கச் சொன்னார்கள். அழித்துக் கொடுத்தேன்.