மோசமான எண்ணைப் பதிவு செய்தவருக்கு என்ன நடக்கும்?

தொழிற்சாலைக்குப் புதிதாக ஈஆர்பி (கொள்முதல், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் மென்பொருள்) வாங்கலாமா, மெஷின்களில் சென்சார் மாட்டி எல்லாவற்றையும் திரையில் கொண்டுவரலாமா என்று பேச்சு ஆரம்பித்தால், லைசென்ஸ் எவ்வளவு, எத்தனை மாதம் ஆகும், எந்த மாட்யூல் முதலில் என்றுதான் போகும். எல்லாம் தேவையான கேள்விகள்தான். ஆனால் உற்பத்தித் திட்டமிடலில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் எனக்கு முதலில் தெரிய வேண்டியது வேறொன்று. ஒரு ஆபரேட்டர் தன் ஷிப்டில் மெஷின் 48 நிமிடம் நின்றது என்று உள்ளபடியே பதிவு செய்தால், மறுநாள் காலைக் கூட்டத்தில் அவருக்கும் அவருடைய சூப்பர்வைசருக்கும் என்ன நடக்கும்?

அந்த 48 நிமிடத்தையே எடுத்துக்கொள்வோம். 8 மணி நேர ஷிப்டில், இடைவேளையைக் கழிக்காமல் பார்த்தால், 480 நிமிடம். அதில் 48 நிமிடம் பிரேக்டவுன் என்றால் மெஷின் கிடைத்த நேரம் 90 சதவீதம். ஓஇஇ (மெஷினின் மொத்தப் பயன்திறன்) என்று போர்டில் எழுதிவைக்கும் எண் இங்கேதான் தொடங்குகிறது. கிடைத்த நேரம், ஓடிய வேகம், நல்ல பாகங்களின் விகிதம் ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். ஜப்பானின் செய்இச்சி நகாஜிமா டிபிஎம் என்ற மெஷின் பராமரிப்பு முறையோடு சேர்த்துப் பரப்பிய கணக்கு இது. 85 சதவீதம் வந்தால் உலகத்தரம் என்பார்கள். இப்போது அதே 48 நிமிடத்தை ‘திட்டமிட்ட நிறுத்தம்’ என்ற காரணக் குறியீட்டில் போட்டுவிட்டால், அது வகுக்கும் எண்ணிலிருந்தே கழிந்துவிடும். 432-க்கு 432, அதாவது 100 சதவீதம்! மெஷின் நின்றது நின்றதுதான், பேரிங் தேய்ந்தது தேய்ந்ததுதான், மெயின்டனன்ஸ் ஆட்களுக்கு மட்டும் சேதி போய்ச்சேராது.

இப்படிப் பதிவு செய்கிறவரைப் பொய்க்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. போன முறை உண்மையைப் பதிந்தபோது இருபது பேர் முன்னால் நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருப்பார்கள், பேரிங்கை மாற்றச் சொல்லி அவர் கேட்டது மட்டும் அப்படியே கிடந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் வேறு எப்படி நடந்துகொள்வார்?

ஸ்கிராப், அதாவது வீணாய்ப் போன பாகங்களின் விஷயம் இதைவிட மோசம், ஏனென்றால் அதன் பாதிப்பு வெகுதூரம் போகிறது. பல ஆலைகளில் மூலப்பொருளைத் தனித்தனியாகக் கழிப்பதில்லை. முடிந்த பாகங்களின் எண்ணிக்கையைப் பதிந்ததும் பில் ஆஃப் மெட்டீரியல்படி (ஒரு பாகத்துக்கு எந்தப் பொருள் எவ்வளவு வேண்டும் என்ற பட்டியல்) சிஸ்டமே கழித்துக்கொள்ளும், பேக்ஃப்ளஷ் என்பார்கள். 100 பாகம் முடிந்தது என்றால் 100 பாகத்துக்கான பொருள் கழியும். வழியில் 12 வீணாய்ப் போயிருந்தால் அதை யாராவது தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்கிராப் நோட் எழுதினால் மூன்று கையெழுத்தும் ஒரு விளக்கக் கடிதமும் வேண்டும் என்று வைத்திருக்கிற இடத்தில் எவரும் சொல்லமாட்டார்கள், அந்த 12-க்கான பொருள் ஸ்டோர்ஸில் இருப்பதாகவே சிஸ்டம் நம்பிக்கொண்டிருக்கும். எந்தப் பொருள் எப்போது எவ்வளவு வாங்க வேண்டும் என்று சிஸ்டம் போடும் எம்ஆர்பி கணக்கை ஓட்டும்போது கையிருப்பு இருக்கிறது என்று கொள்முதல் ஆர்டர் எழாது. இரண்டு வாரம் கழித்து லைன் நிற்கும், அவசரமாக ஆள் அனுப்பிப் பொருள் வாங்குவோம், பழி ஸ்டோர்ஸ்காரர் தலையில் விழும்.

அப்புறம் என்ன, ஆளாளுக்குத் தனி எக்செல். பிளானர் ஒன்று வைத்திருப்பார், ஸ்டோர்ஸில் ஒரு நோட்டு, டிஸ்பேட்சில் இன்னொன்று. பெரிய பணம் போட்டு வாங்கிய சிஸ்டம் மாதக் கடைசியில் கணக்கு முடிப்பதற்கு மட்டும் என்றாகிவிடும்.

எழுதப்படாத விஷயங்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஹெர்ஷி சாக்லேட் நிறுவனத்தின் 1999 அனுபவத்தைச் சொல்லலாம். ஹாலோவீன் ஆர்டர்கள் குவிகிற நேரத்துக்குச் சற்று முன்பு, ஜூலையில், புதிய சிஸ்டத்துக்கு மொத்தமாக மாறினார்கள். சரக்கு இருந்தது, ஆனால் கடைகளுக்குப் போகவில்லை. சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்கள் தவறின. அவசரமாக மாறியது, பருவம், மூன்று மென்பொருள்களை ஒன்றாக இணைத்தது என்று காரணங்கள் பல. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கூட்டமான மாதங்களில் சரக்கை அங்கங்கே கிடைத்த இடத்தில் வைத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே இருந்தது, அந்த இடங்கள் சிஸ்டத்தில் கிடங்காகப் பதியப்படவில்லை. அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரிந்த விஷயம், சிஸ்டத்துக்குத் தெரியவில்லை.

நேர்மாறான உதாரணம் கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் ஆலை. ஜெனரல் மோட்டார்ஸ் 1982-ல் அதை மூடியபோது, ஆட்கள் வேலைக்கே ஒழுங்காக வராத, தரம் மிக மோசமான ஆலை என்று பெயர். 1984-ல் டொயோட்டாவோடு சேர்ந்து நும்மி என்ற பெயரில் திறந்தார்கள். பெரும்பாலும் பழைய தொழிலாளர்கள்தான், தொழிற்சங்கமும் அதேதான். சில ஆண்டுகளுக்குள் தரத்தில் ஜப்பான் ஆலைகளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அங்கே இருந்த மிகச் சிறந்த தகவல் அமைப்பு என்று நான் சொல்வது லைன் ஓரமாகத் தொங்கிய, உதவி கேட்டு இழுக்கும் ‘ஆண்டான்’ கயிறுதான். சிக்கல் என்றால் தொழிலாளி இழுப்பார், விளக்கு எரியும், டீம் லீடர் ஓடிவருவார், அந்தச் சுற்று முடிவதற்குள் சரியாகாவிட்டால் மட்டும் லைன் நிற்கும். இழுத்தவருக்குத் திட்டு விழாது, உதவி வரும். இந்த வேறுபாடு இல்லாமல் வேறு எந்த ஆலையில் போய் அதே கயிற்றைக் கட்டினாலும் அது சும்மா தொங்கும்.

அதனால் சிஸ்டம் சரியில்லை என்று யாராவது சொன்னால், நான் மென்பொருளைத் திறப்பதற்கு முன் டவுன்டைம் (மெஷின் நின்ற நேரம்) காரணங்களில் ‘மற்றவை’ எத்தனை சதவீதம் என்று பார்க்கச் சொல்வேன். அது கால்வாசியைத் தாண்டினால், காரணப் பட்டியலில் அறுபது வரி இருக்கிறதா என்று பாருங்கள். கையுறையோடு நிற்கிற ஆள், பின்னால் லைன் காத்திருக்கும்போது, அறுபதில் தேடமாட்டார். பட்டியலை எட்டு, பத்தாகச் சுருக்குங்கள், அந்தச் சுருக்கும் வேலையை அந்த மெஷினை ஓட்டுகிறவர்களிடமே கொடுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்கு, பதிவான காரணங்களில் ஒன்றையாவது வாரா வாரம் சரிசெய்து, எதைச் சரிசெய்தோம், யார் பதிந்ததால் தெரிந்தது என்று அந்த லைனிலேயே எழுதி ஒட்டுங்கள். உள்ளபடியே பதியத் தொடங்குவதால் அந்த மாதத்தில் பிரேக்டவுன் நிமிடங்கள் ஏறும். மேலாளர்கள் பதறிப்போய் அதற்கு விளக்கம் கேட்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.