மரத்துக்கு முன்னே சுண்ணாம்பு: சட்பரியின் கருத்த பாறைகள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள சட்பரி, நிக்கலுக்கும் செம்புக்கும் பேர்போன ஊர். 1888-லிருந்து 1929 வரை அங்கே தாதுவைத் திறந்தவெளியில்தான் வறுத்தார்கள். விறகை அடுக்கி, மேலே கந்தகம் நிறைந்த தாதுவைக் குவித்து நெருப்பு வைத்தால், குவியல் மாதக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். விறகுக்காகக் காடு போனது. மிஞ்சியதைக் கந்தகப் புகை தீர்த்தது. பிடித்துக்கொள்ள வேர் இல்லாத மேல்மண்ணை மழை அரித்துப் போக, பாறை வெளியே வந்து கருத்தது. முழு மொட்டையானது மட்டும் சுமார் 20,000 ஹெக்டேர்.

1972-ல் தாது உருக்காலையில் 381 மீட்டர் புகைபோக்கி எழுந்தது. ஊர்க்காற்று தேறியது, உண்மை. ஆனால் புகையைத் தூரத்து ஏரிகளுக்கு அனுப்பியதைத் தீர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கந்தக டை ஆக்சைடின் அளவையே குறைத்த பிறகுதான் ஏரிகளின் அமிலம் தணியத் தொடங்கியது.

மொட்டை நிலத்தில் நேராகக் கன்று நட்டால் பிழைக்காது. பட்டுப்போன கன்றைப் பிடுங்கினால் காரணம் கையிலேயே தெரியும்: வேர் நீளாமல், கிளைக்காமல், கட்டையாக நிற்கும். கந்தகப் புகையால் அமிலமான மண்ணில் செம்பு, நிக்கல், அலுமினியம் மூன்றும் கரைந்து வேர்நுனியைக் கருக்குகின்றன. போதாததற்கு, மூடாக்கில்லாத ஈரமண்ணில் ஊசி ஊசியாகப் பனிக்கட்டி எழும்பி நாற்றை வேரோடு மேலே தள்ளிவிடும்.

அதனால் 1978-ல் தொடங்கிய பசுமையாக்கத்தில், மண்ணின் அமிலத்தைத் தணித்து உலோகம் கரையாமல் தடுக்கும் சுண்ணாம்புக்கே முதலிடம். ஹெக்டேருக்கு 10 டன். சுட்ட சுண்ணாம்பு அல்ல, அரைத்த டோலமைட் கல். கால்சியத்தோடு மக்னீசியமும் கிடைக்கும். வண்டி ஏறாத குன்றுகளில் கோடை வேலைக்கு வந்த மாணவர்கள் மூட்டை சுமந்து கையாலேயே தூவினார்கள். அடுத்து ஹெக்டேருக்குச் சுமார் 400 கிலோ உரம். தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு, மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) அதிகம். தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடித்துத் தரத்தான் புல்விதையோடு குளோவர் போன்ற பயறுவகை விதைகளைக் கலக்கிறார்கள். விதைப்பு கோடைக் கடைசியில். முன்னதாகப் போட்டால் வெயிலில் முளை கருகும். பைன் கன்றுகள் அதற்கப்புறம்தான். யாரும் விதைக்காத பிர்ச், பாப்லர் மரங்களும் சுண்ணாம்பு பட்ட இடத்தில் தாமாகவே முளைத்தன.

உலோகம் மண்ணைவிட்டுப் போய்விடவில்லை. கரையாமல் கட்டுண்டு கிடக்கிறது, அவ்வளவே. மண் மறுபடி அமிலமானால் அதுவும் கரையும். மரம் வளர்ந்தும் அடியில் காட்டுச்செடிகள் வரத் தயங்குகின்றன. அதற்காகச் சாலைப் பணியில் அழியவிருக்கும் காட்டுத்தரையைப் பாசி, வேர், மண்ணோடு பாளமாக வெட்டியெடுத்து, இந்தப் பைன்களின் அடியில் பதிக்கிறார்கள்.