நனையாத மூன்று பேரும் ஒரு டப்பாவும்

வியாழக்கிழமை சாயங்காலம் டாக்டர் சொல்லிவிட்டார்: இரண்டு வாரத்துக்கு என் மகள் பாப்பாவின் காதில் ஒரு சொட்டுத் தண்ணீர் போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் இருக்கிற தண்ணீர்ப் பூங்காவுக்கு மொத்தக் குடும்பமும் போவதாக ஒரு மாதம் முன்பே முடிவாகியிருந்தது. அக்கா வீட்டில் நாலு பேர், நாங்கள் மூன்று பேர், அம்மா, அப்பா. அலைக்குளத்தில் பருத்தித் துணியோடு இறங்க விடமாட்டார்கள் என்று எல்லோருக்கும் நைலான் உடுப்பு வாங்கியாகிவிட்டது. செல்போனை நனையாமல் வைத்துக்கொள்ள, கழுத்தில் மாட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் பை ஒன்றும் பாப்பா அடம்பிடித்து வாங்கியிருந்தாள். மஞ்சள் விளிம்பு, மூன்று பூட்டு வைத்த பை.

அக்கா மகன்களுக்காகப் பயணத்தைத் தள்ளிப்போட முடியாது. பதினோரு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டும் போக முடியாது. திருப்பூரிலிருந்து அவிநாசி, அன்னூர் வழியாகக் காரில் போகும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்னூர் தாண்டியதும் நீலகிரி நீலமாக எழுந்து நிற்பது தெரியும். எப்போதும் அவள்தான் முதலில் கத்துவாள். அன்றைக்கு ஜன்னல் பக்கம்கூடத் திரும்பவில்லை.

பூங்கா வாசலில் இன்னொருவரும் தயங்கி நின்றார். அப்பா. "எனக்கு எதுக்குங் கண்ணு இந்தத் தண்ணியெல்லாம்? நீங்க போய்ட்டு வாங்க, நான் மரத்தடியில உக்காந்துக்கறேன்." எழுபத்திரண்டு வயது, வெள்ளை வேட்டி. போன முறை இதேபோல ஒரு பூங்காவில் நாள் முழுக்க எங்கள் செருப்புக்கும் பைக்கும் காவலாக அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதனால் மற்றவர்களை உள்ளே அனுப்பிவிட்டு, "அப்பா, நீங்களும் வாங்க. நாம மூணு பேரும் டப்பா தேடப் போலாம்" என்றேன்.

எங்கள் வீட்டில் இதற்கு டப்பா வேட்டை என்றுதான் பெயர். உலகம் ஜியோகேச்சிங் என்கிறது. வீட்டுக்காரருக்கு ஜெர்மனியில் வேலை இருந்தபோது இரண்டு வருடம் அங்கே இருந்தோம். மொழி தெரியாத ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளைக் கடத்த எங்களுக்குக் கிடைத்த வழி இது. யாரோ ஒருவர் ஒரு டப்பாவை ஓரிடத்தில் ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டுவிடுவார். தேடி எடுப்பவர், உள்ளே இருக்கிற நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். உள்ளே சின்னச் சாமான்கள் இருந்தால் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், அதற்கு ஈடாகவோ மேலாகவோ ஒன்றை வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான். பரிசு கிடையாது. அதனாலேயே எனக்கு இதன்மேல் அவ்வளவு பிரியம்.

இது தொடங்கிய கதையைக் காரில் அப்பாவுக்குச் சொன்னேன். ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்துடையது. பொதுமக்களுக்குக் கிடைக்கிற சமிக்ஞையை அவர்கள் வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தார்கள். நூறு மீட்டர்கூடத் தப்பாகக் காட்டும். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தக் குழப்பத்தை நிறுத்தினார்கள். உலகம் முழுக்கக் கருவிகள் ஒரே ராத்திரியில் திருந்திவிட்டன. மறுநாளே, மே 3 அன்று, டேவ் அல்மர் என்பவர் இந்தத் துல்லியத்தைச் சோதித்துப் பார்க்க ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் காட்டில் வைத்து, அதன் எண்களை இணையக் குழுவில் எழுதினார். நோட்டு, பென்சில், சில சாமான்கள், அதோடு ஒரு பீன்ஸ் டின். சில நாளிலேயே மைக் டீக் என்பவர் தேடிப் போய் எடுத்துவிட்டார். ஜியோகேச்சிங் என்கிற பெயர் அந்த மாதக் கடைசியில்தான் வந்தது.

"பீன்ஸா? காட்டுக்குள்ள தீனி வெச்சா பன்னி வந்து பேத்துப்போடுமே" என்றார் அப்பா.

சரியாகத்தான் சொன்னார். இப்போது டப்பாவில் தின்கிற பொருள் எதுவும் வைக்கக் கூடாது என்பது விதி, வாசனைக்கு விலங்கு வந்துவிடும். மேட்டுப்பாளையத்தில் அதை விளக்கவே வேண்டாம். கல்லாறு யானை வழித்தடம் அங்கேதான் இருக்கிறது. பாக்குத் தோப்புக்குள் யானை வருவது அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அன்றாடச் சேதி.

செயலியைத் திறந்தால் ஜெர்மனியில் திரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள் மொய்க்கும். எங்கள் பக்கத்தில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் ஊர்களே கிடக்கும். அன்றைக்குப் பூங்காவிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஒன்று காட்டியது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, காட்டுக்குள் இல்லை, பவானி ஆற்றங்கரையில் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் வண்டியை எடுத்தேன். மேலே பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால் ஆறு எப்போது ஏறும் என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. எந்த டப்பாவுக்காகவும் பிள்ளையை அங்கே கூட்டிப்போக மாட்டேன். இது ஒரு பாக்குத் தோப்பு வேலிக்கு வெளியே, ஊர்ப்பாதை ஓரத்தில் இருந்தது. அதற்கு மேல் இடத்தை இங்கே எழுத மாட்டேன். தேடுபவரின் சந்தோஷத்தை நான் எடுத்துக்கொள்ளக் கூடாது.

போகிற வழியில் பாப்பாவின் வாய் திறந்துவிட்டது. அவளுடைய அப்புச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, எண்களை எப்படிப் படிப்பது என்று அவளே வகுப்பெடுத்தாள். முதலில் பாகை (டிகிரி), அப்புறம் கலை (மினிட்), கலைக்குப் பின்னால் புள்ளி வைத்து மூன்று இலக்கம். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் தரையில் எவ்வளவு தூரம் மாறும்? சுமார் 1.85 மீட்டர்.

"அடிக்கணக்குல சொல்லு சாமி."

அவள் போனில் கணக்குப் போட்டாள். "ஆறடி அப்புச்சி."

"ஆறடியா? அப்ப ஒரு ஆள் படுக்கற நீளம்." அதன் பிறகு அப்பாவுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் சின்ன வயதில் எங்கள் தோட்டத்தை அளந்தபோது சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடியவர். சங்கிலிக்கு 66 அடி, நூறு கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். பங்காளிகளுக்குள் தகராறு வந்தபோது புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மண் மூடிப்போன அளவுக்கல்லை இட்டேரி என்கிற தோட்டத்துப் பாதை ஓரத்தில் தோண்டி எடுத்துக் காட்டியவர் அவர்தான். அந்தக் கதை எனக்குத் தெரியும். ஆனால் அதையும் இந்த விளையாட்டையும் நான் ஒருநாளும் சேர்த்து நினைத்ததில்லை.

இடத்துக்குப் போய் இறங்கினால், போன் அலைபாய்ந்தது. நாலு மீட்டர் என்றது, பதினொன்று என்றது, திரும்பி நின்றால் ஏழு. தலைக்கு மேல் பாக்கு மட்டைகள் அடர்ந்து வானமே தெரியவில்லை, மேற்கே மலை பாதி வானத்தை மறைத்துக்கொண்டிருந்தது. ஜி.பி.எஸ்ஸுக்குக் குறைந்தது நாலு செயற்கைக்கோள் நேராகத் தெரிய வேண்டும். இலையிலும் மலையிலும் பட்டுச் சுற்றிவருகிற சமிக்ஞை தூரத்தைத் தப்பாகக் காட்டிவிடும். பாப்பா போனைப் பார்த்துக்கொண்டே முன்னும் பின்னும் நடந்து, கடைசியில் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். அன்றைக்கு அவளுக்கு இன்னொரு ஏமாற்றம் வேண்டாமே என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "மொதல்ல அந்தப் போனை உள்ள வை கண்ணு. அது அரைச் சங்கிலி வரைக்கும் கூட்டிட்டு வந்துருச்சில்ல? அதோட வேலை முடிஞ்சுது. இனி நாம பாக்கோணும்."

டப்பாவை வைத்தவர் செயலியில் கொடுத்திருந்த துப்பைப் படிக்கச் சொன்னார். "மரத்தில் இல்லை" என்று மட்டும் எழுதியிருந்தது. அப்போது ஒருவர் டி.வி.எஸ். வண்டியில் பாக்கு மட்டைக் கட்டோடு வந்து நின்றார். ஜெர்மனியில் யாராவது வந்தால் செருப்புக் கயிறு கட்டுவதுபோலக் குனிந்துகொள்வோம். வெளியாட்கள் பார்த்துவிட்டால் டப்பா காணாமல் போகும் என்பார்கள். நான் அப்படியே போனைக் காதில் வைத்தேன். அப்பா நேராகச் சொல்லிவிட்டார்: "ஒண்ணுமில்லீங்க, புள்ளைங்க வெளையாட்டு. யாரோ ஒரு டப்பாவ ஒளிச்சு வெச்சிருக்காங்களாம், நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு வெச்சர்றதாம்."

அவர் சிரித்தார். "அதானுங்களா! எப்பவாச்சும் பைக்குல பசங்க வந்து இக்கட்டால குனிஞ்சு குனிஞ்சு தேடறாங்க. சாவியத் தொலைச்சுட்டாங்களோன்னு நெனச்சேன்." அந்த 'இக்கட்டால' என்று கை காட்டியது பாதைக்குக் கீழ்ப்பக்கத்துக் கல்லுக்கட்டை. அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை, போய்விட்டார். நம் ஊரில் ஒளிந்து ஒளிந்து தேடினால்தான் சந்தேகம் வரும், சொல்லிவிட்டால் யாரும் கெடுக்கமாட்டார்கள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. ஆட்கள் போய்வருகிற இடத்தில் பேர் எழுதாத டப்பா கிடந்தால் குண்டு என்று பயந்து போலீஸைக் கூப்பிடுவார்கள், அதனால் டப்பாவின் மேலேயே இது என்ன என்று எழுதி ஒட்டச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

கல்லுக்கட்டு இருபதடி நீளம் இருக்கும். பாப்பா ஒவ்வொரு பொந்திலும் கைவிடப் போனாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "தேளு கெடக்கும் சாமி. கையை விடாத, கண்ணை விடு. எந்தக் கல்லு ஆள் எடுத்து வெச்ச கல்லுன்னு பாரு."

"எப்படித் தெரியும் அப்புச்சி?"

அவர் காட்டினார். காலங்காலமாகக் கிடக்கிற கல்லுக்கு மேல்பக்கம் பாசி இருக்கும், அடிப்பக்கம் மண் பிடித்திருக்கும். எடுத்தவன் அவசரத்தில் திருப்பி வைத்தால் மண் பக்கம் மேலே வந்துவிடும். தோட்டத்தில் எல்லைக்கல்லை எவனாவது நகர்த்தியிருந்தால் இப்படித்தான் கண்டுபிடிப்பார்களாம். பாப்பா குந்தி உட்கார்ந்து ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டே போனாள். முக்கால்வாசி தூரத்தில் நின்றாள். உள்ளங்கையளவு கல், மேலே செம்மண் கோடு, பாசி அடியில். அப்பா ஒரு குச்சியால் அதை நெம்பினார்.

பச்சை வர்ணம் அடித்த, நாலு பக்கமும் பூட்டுகிற பிளாஸ்டிக் டப்பா. அவள் கத்திய கத்தலில் தோப்புக்குள் மயில் ஒன்று பதில் கத்தியது.

திறந்தால் மனசு கஷ்டமாகிவிட்டது. மூடியின் ஒரு காது உடைந்து தண்ணீர் புகுந்திருந்தது. ஒரு கோலிக்குண்டு, துருப்பிடித்த சாவிக்கொத்து, ஒரு பிளாஸ்டிக் டைனோசர். நோட்டை வைத்திருந்த கவர் கிழிந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்துப்போயிருந்தன. வைத்தவருக்கு எழுதிப்போட்டுவிட்டு வந்துவிடலாம், பராமரிப்பது அவர் பொறுப்புதான். ஆனால் அப்பா ஏற்கெனவே நோட்டை வாங்கிக்கொண்டு காரின் சூடான பானெட் மேல் விரித்துவிட்டார். ஒவ்வொரு தாளாக, பாக்கு ஓலைக் கீற்றால் நெம்பிப் பிரித்தார். ஒன்பது பேரின் எழுத்து இருந்தது. மையால் எழுதிய இருவருடையது கரைந்து நீலக் கறையாகிவிட்டது, பென்சிலால் எழுதியது எல்லாம் அப்படியே இருந்தது.

தாள் காயும் வரை காரில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பூங்காவுக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோக முடியாது என்று அம்மா கட்டிக்கொடுத்த அரிசிம்பருப்புச் சாதம் காரிலேயே இருந்தது. ஒன்பது பேருக்குக் கட்டியதை மூன்று பேர் சாப்பிட்டோம். அப்பாவுக்கு எண்ணெயில் பொரித்த அப்பளம் இல்லையே என்பது மட்டும் குறை.

காய்ந்த பிறகு பாப்பா எழுதினாள். அப்புறம் பென்சிலை அப்புச்சியிடம் நீட்டினாள். செல்லப்பெயர் போதும், இதில் எல்லோரும் புனைபெயர்தான் வைத்துக்கொள்வார்கள் என்றாள். அவர் கேட்கவில்லை. "கையெழுத்துன்னா முழுசாப் போடோணும்" என்று, பத்திரத்தில் போடுகிற மாதிரி அவருடைய அப்பா பெயர், தன் பெயர், ஊர், தாலுகா வரை நிதானமாக எழுதினார். அரைப் பக்கம் வந்தது.

நோட்டைத் திரும்ப எதில் வைப்பது? காரில் சாப்பாடு கட்டிய கவர்தான் இருந்தது, அதில் பருப்பு வாசனை. நான் தேடிக்கொண்டிருந்தபோதே பாப்பா கழுத்திலிருந்த மஞ்சள் பையைக் கழற்றினாள். காலையிலிருந்து அதை மாட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள், நான் கவனிக்கவே இல்லை. நோட்டையும் பென்சிலையும் உள்ளே போட்டு மூன்று பூட்டையும் ஒவ்வொன்றாக அழுத்தினாள். கோலிக்குண்டை எடுத்துக்கொண்டு தன் தலைக்கிளிப்பை டப்பாவில் வைத்தாள். அப்பா கல்லைப் பழையபடி, பாசி மேலே வருகிற மாதிரி வைத்தார்.

அஞ்சு மணிக்கு மற்றவர்கள் விரல் சுருங்கி, கண் சிவந்து வெளியே வந்தார்கள். கதையைக் கேட்டதும் அக்கா மகன்கள் இரண்டு பேரும் இப்பவே போகணும் என்று குதித்தார்கள். அப்பா மலையைப் பார்த்துவிட்டு, "பொழுது சாயற நேரம், இனி அது யானை நடக்கற பாதை" என்று காரில் ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்து, மூடி உடைந்திருப்பதையும் பை மாற்றியதையும் அந்த டப்பாவின் இணையப் பக்கத்தில் எழுதினேன். டப்பாவை வைத்தவர் நன்றி சொல்லி, அடுத்த முறை வரும்போது மூடி மாற்றுவதாக எழுதியிருந்தார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பா போன் பண்ணுகிறார். என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் பாப்பாவிடம் கொடுக்கச் சொல்வார். "யாராச்சும் எடுத்தாங்களா சாமி?" என்பார். இன்னும் இல்லை அப்புச்சி என்பாள்.

போன வாரம், "மலைப்பக்கம் நெம்ப மழையாமா. நோட்டு தாங்குமா?" என்று கேட்டார்.

"தாங்கும் அப்புச்சி. அது தண்ணிக்குள்ளயே போடற பை."