எமிலி காம் உங்வாரே: தரையில் உட்கார்ந்து வரைந்த கோடுகள்

ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஓவியர் எமிலி காம் உங்வாரே கேன்வாஸைத் தரையில் விரித்து, அதன் பக்கத்திலோ மேலேயோ உட்கார்ந்துதான் வரைவார். அதனால் அவருடைய அரூப ஓவியங்களில் மேல் எது, கீழ் எது என்று தேடத் தேவையில்லை.

ஆஸ்திரேலியாவில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடகிழக்கே உள்ள யுடோபியா வட்டாரம் அவருடைய பூர்வீக நிலம். 1970களின் கடைசியில் அங்கே பெண்கள் பாத்திக் வேலை, அதாவது துணியில் உருக்கிய மெழுகால் வரைந்து சாயம் ஏற்றும் வேலை, பழகினார்கள். எமிலியும் அவர்களில் ஒருவர். பாத்திக்கில் மெழுகு ஆறிப்போனால் துணிக்குள் இறங்காது, சாயம் அடியில் புகுந்துவிடும். சூடு கூடினால் கோடு பரவிவிடும். தவறி விழுந்த சொட்டை அழிக்கவும் முடியாது. 1988 வாக்கில், எழுபது வயதைத் தாண்டி, அவர் கேன்வாஸில் அக்ரிலிக் வண்ணத்துக்கு வந்தார். போட்ட கோட்டைத் திருத்தாத கை அந்த மெழுகில் பழகியது என்றே நினைக்கிறேன்.

கோடுகளின் ஊற்று 'அவெல்யே' என்னும் பெண்கள் சடங்கு. மார்பிலும் தோளிலும் கொழுப்பைத் தடவி, அதன்மேல் காவிப்பொடியால் பட்டை பட்டையாக இழுப்பார்கள். 1990களின் நடுவில் அவர் வரைந்த வரிவரியான ஓவியங்கள் இதிலிருந்து வந்தவை. உடம்பின் வளைவில் பழகிய கோடு என்பதால் தடிமன் மாறிக்கொண்டே போகும். ஸ்கேல் வைத்து இழுத்தால் அந்த உயிர் போய்விடும். இந்த உருவங்கள் அந்த நிலத்துப் பெண்களுக்கு உரியவை. நாம் முறையைக் கற்கலாம், உருவத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது.

புள்ளிகளுக்கு, தூரிகையின் முடி விரியும்படி கேன்வாஸில் ஓங்கிக் குத்துவார். முயன்று பார்ப்பவர்கள் கவனிக்க: அடி அடுக்கு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், அல்லது முழு ஈரமாக இருக்க வேண்டும். அரைகுறையாகக் காய்ந்த அக்ரிலிக்மேல் குத்தினால் அது தோலாகப் பிய்ந்து, நிறம் கலங்கிவிடும்.

இன்னொரு ஊற்று கிழங்கு. அவர் வரைந்த பென்சில் கிழங்குக் கொடி, நம் உளுந்தும் பாசிப்பயறும் அடங்கிய விக்னா என்னும் தாவரப் பேரினத்தைச் சேர்ந்தது. கிழங்கு பருத்தால் மேலே மண் வெடிக்கும். பெண்கள் அந்த வெடிப்பைப் பார்த்துத்தான் தோண்டுவார்கள். 'காம்' என்ற அவர் பெயரே அந்தக் கொடியின் விதையைக் குறிப்பதுதான்.

1995இல் அந்தக் கிழங்கை வைத்து வரைந்த 'பிக் யாம் டிரீமிங்' (யாம் என்றால் கிழங்கு) மெல்போர்னில் விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அகலம் 8 மீட்டர், உயரம் ஏறக்குறைய 3 மீட்டர். கறுப்புப் பூசிய கேன்வாஸில் வெள்ளை மட்டும், முன்வரைவு இல்லாமல், இரண்டே நாளில் முடித்தது. முதலில் முழுவதையும் பார்க்க வேண்டாம். ஓரத்தில் ஒரு கோட்டைப் பிடித்துக் கண்ணாலேயே தொடருங்கள். எங்கே வண்ணம் தீர்ந்து மெலிகிறது, எங்கே மறுபடி தோய்த்துத் தடிக்கிறது, பக்கத்துக் கோட்டோடு எங்கே போய்ச் சேர்கிறது என்று பாருங்கள்.